எழுநூற்று எழுபத்து நான்கு கிலோமீட்டர்

எங்கள் வீட்டு வண்டிக்குப் பில் போட்டது ஆடி இரண்டாம் தேதி, சனிக்கிழமை. அது வீட்டு வாசலுக்கு வந்தது ஆவணி ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை. நடுவில் முப்பத்து நான்கு நாள். எல்லாத் தகராறும் அந்த முப்பத்து நான்கு நாளுக்குள்தான் இருந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. உரக்கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரியை எனக்கென்று எடுத்துக்கொண்டு, மழை தூறிய நாள், ஆடு குட்டி போட்ட நாள், கரண்ட் போன நேரம், வந்த நேரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் எழுதிவைப்பேன். தேதியும் எண்ணும் தவறக் கூடாது. வீட்டில் இதை ஒரு சின்ன வியாதியைப் போலப் பொறுத்துக்கொண்டார்கள். எழுதியதைக் கேட்டு வாங்கிப் படிப்பவர் சித்தப்பா ஒருவர்தான். வளைகுடாவிலிருந்து போன் செய்யும்போதுகூட, "இந்த வாரம் என்னம்மா எழுதுன?" என்றுதான் ஆரம்பிப்பார்.

வண்டி வாங்கியதே சித்தப்பாவுக்காகத்தான். நான்கு வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஆறு மாத லீவில் வந்திருந்தார். வைகாசியில் கல்யாணம். ஐப்பசி முதல் வாரத்துக்குள் திரும்பிப் போய்விட வேண்டும். போனால் இரண்டு வருடத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது. போகாவிட்டால் அந்த வேலை இல்லை. சித்தப்பாவுக்குப் போக மனமில்லை. ஒரு குட்டியானை இருந்தால் ஊரிலேயே பிழைத்துக்கொள்வேன் என்றார். குட்டியானை என்று எங்கள் பக்கம் சொல்வது, முன்னால் இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன லோடு வண்டியை. எங்கள் ஊர் பந்தல்குடிக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர். கொத்தமல்லியும் பருத்தியும் விளைந்தால் அருப்புக்கோட்டைக்கு ஏற்றிப்போக ஊரில் ஒரு வண்டி கிடையாது. அப்பா யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கெடு வைத்தார். புரட்டாசி முடிவதற்குள் வண்டி ஓடி நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால் பேசாமல் விமானம் ஏறிவிட வேண்டும்.

அருப்புக்கோட்டை பைபாஸில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் யார்டு ஒன்று இருந்தது. அங்கே ஆடித் தள்ளுபடி போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டிலோ ஆடியில் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். பெரியப்பா ஒரு ஆடியில் மொபெட் வாங்கி ஐப்பசியில் கால் முறித்துக்கொண்டவர். நடுவே மூன்று மாதம் அந்த மொபெட் ஒழுங்காக ஓடியதை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. தள்ளுபடியை விடவும் முடியவில்லை, ஆடியை மீறவும் முடியவில்லை. இரண்டு நாள் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துவிட்டு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பில்லுதானே ஆடியில போடுறோம். வண்டி அவுக யார்டுலயே கிடக்கட்டும். ஆவணி பிறந்து நல்ல நாள் பாத்து எடுத்துக்கிருவோம். நம்ம வாசலுக்கு என்னைக்கு வருதோ அன்னைக்குத்தான் அது நம்ம வண்டி."

இதைவிடச் சரியான ஏற்பாடு இருக்க முடியாது என்று எனக்கும் பட்டது. பில் போட்ட அன்று நானும் போயிருந்தேன். சித்தப்பா என்னை டிரைவர் சீட்டில் தூக்கி உட்கார வைத்தார். மீட்டரில் 71438 என்று இருந்தது. எழுதிக்கொண்டேன். பில்லுக்குப் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. அதை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட.

அதே ஆடியை முன்னிட்டு வீட்டில் இன்னொரு பிரிவும் நடந்தது. ஆனி கடைசியில் சித்தியின் அண்ணன்மார் இரண்டு பேர் தாம்பாளத்தோடு வந்து சித்தியைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். வீரசோழன் தாண்டி மூன்று கிலோமீட்டரில் அவர்கள் ஊர். ஆவணி பிறந்துதான் சித்தி திரும்பி வர வேண்டும். அதுவரை மாப்பிள்ளை அந்தத் திசையில் எட்டிப்பார்க்கக் கூடாது. ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆடி. அதான்" என்றாள் அம்மா.

சித்தப்பா அந்த மாதம் முழுக்க ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பிடும்போது எழுந்துபோய் மிளகாய்ச் செடியைப் பார்ப்பார். குளிக்கப் போனவர் துண்டை மறந்துவிட்டுத் திரும்பி வருவார். மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, "வண்டி தூசி அடைஞ்சு கிடக்கும், தொடச்சிட்டு வாரேன்" என்று காலையிலேயே டவுனுக்குப் பஸ் ஏறிவிடுவார். சாயங்காலம்தான் வருவார். ஆடி பாதியில் ஒருநாள் வீட்டிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் கேன்களையும் தூக்கிக்கொண்டு போனார். வண்டி கழுவ என்றார். திரும்பி வரும் நாட்களில் அவர் சட்டையில் மல்லிகைப்பூ வாசம் இருக்கும். யார்டில் பூச்செடி வைத்திருக்கிறார்கள் போலும் என்று டைரியில் எழுதிவைத்தேன்.

"வாங்காத வண்டிக்கு இம்புட்டுத் தொடப்பா?" என்று அம்மா சிரித்தாள். "விடு, அவனுக்கு அதுமேல அம்புட்டு ஆசை" என்றார் அப்பா.

ஆவணி ஐந்தாம் தேதி வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு நானும் வண்டி எடுக்கப் போனேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நசுங்குவதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்து எழுதினேன். 72212. யார்டில் பூச்செடி எதுவும் இல்லை. பின்னால் சீமைக்கருவேல்தான் மண்டிக் கிடந்தது. அதையும் எழுதினேன். எழுதினேனே ஒழிய ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

முதல் லோடு ஆவணி எட்டாம் தேதி. பதினான்கு மூடை பருத்தி. பந்தல்குடியைத் தாண்டுவதற்குள் சூட்டு முள் சிவப்புக்குப் போய், முன்பக்கமிருந்து ஆவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியிருந்தது. ஊற்றினால் பத்து கிலோமீட்டர் ஓடும், மறுபடி கேட்கும். எங்கள் பக்கத்தில் குடிக்கவே குடத்தோடு அலைய வேண்டும். ரோட்டோரக் கடைகளில் வண்டிக்குத் தண்ணீர் கேட்டுக்கேட்டுச் சித்தப்பா ஊருக்கெல்லாம் தெரிந்தவராகிவிட்டார். டீக்கடையில் நிற்கும் லாரிக்காரர்கள் அவரைப் பார்த்ததும், "ஏலே, யானைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பார்கள். "துதிக்கையில உறிஞ்சுதா, வாயில குடிக்குதா?" என்பான் இன்னொருவன். சித்தப்பா கேனை நிரப்பிக்கொண்டு வருவார்.

பந்தல்குடி மெக்கானிக் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரல் மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"மஞ்சத்தூளு. ஓட்டையை அடைக்கக் கொட்டியிருக்காங்க. கொஞ்சம் மிளகையும் போட்டிருந்தா ரசமே ஆயிருக்கும்."

"இத அடைச்சாப் போதுமாண்ணே?" என்று சித்தப்பா கேட்டார்.

"ரேடியேட்டரோட போச்சுன்னா நான் ஏன் கவலைப்படப் போறேன். சூடு ஏறி ஏறி எஞ்சினுக்குள்ளயும் தண்ணி இறங்குது. இறக்கித்தான் பாக்கணும். வித்தவன்கிட்டக் கொண்டுபோய் விடு."

இரண்டு முறை கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு முறையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். முதல் முறை, "ஓட ஓட செட்டாயிரும்" என்றார்களாம். இரண்டாம் முறை பில்லைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்கள். பொடி எழுத்தில் இருந்தது அதுதான். எஞ்சின் பழுதுக்கு முப்பது நாள் கியாரண்டி, பில் தேதியிலிருந்து. அதாவது ஆவணி ஒன்றாம் தேதியோடு கியாரண்டி முடிந்துவிட்டது. வண்டி வீட்டுக்கு வந்ததோ ஐந்தாம் தேதி. எங்கள் வாசலைத் தொடுவதற்கு நான்கு நாள் முன்னாலேயே அதற்கு ஆயுள் முடிந்திருந்தது.

புரட்டாசி பிறந்தது. வெளிநாட்டு ஏஜெண்டிடமிருந்து நாளுக்கு இரண்டு போன் வந்தது. சித்தப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு மாட்டுத்தொழுவம் வரைக்கும் நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார். ஆவணியில் திரும்பி வந்திருந்த சித்தி, போன் அடித்தாலே கையிலிருக்கும் பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிடுவாள். அட்டாலியில் இருந்த சித்தப்பாவின் பெரிய பெட்டியை அம்மா ஒருநாள் இறக்கித் துடைத்தாள். அன்று நான் டைரியில் எதுவும் எழுதவில்லை. அந்த வருடத்தில் வெற்றுப் பக்கமாக இருப்பது அது ஒன்றுதான்.

புரட்டாசி பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அப்பாவே கிளம்பினார். காலாண்டு லீவு என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். சித்தப்பா ஓட்ட, அப்பா ஓரத்தில், நான் நடுவில். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீருக்கு நின்றோம். இரண்டாவது இடத்தில் அவர்கள் இறங்கி நின்றபோது, கை சும்மா இருக்காமல் டைரியின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். 71438. பிறகு 72212. இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்ததால் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. ஓரத்தில் கழித்துப் பார்த்தேன். 774 வந்தது. யார்டில் சும்மா நின்ற வண்டி எப்படி ஓடியிருக்கும்? அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்வதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யார்டு முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, விரல்களில் மைக்கறை. தகர ஷெட்டுக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாவிக் கொத்துகளை மாட்டிவைக்கும் பையன் ஒருவன்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

"உக்கார வரலை அண்ணாச்சி. வண்டிய நீங்களே வச்சுக்கங்க, இல்ல சரி பண்ணிக் குடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"தேதி முடிஞ்சிருச்சுல்லண்ணே. பில்லுல போட்டிருக்கே."

"பில்லு ஆடியிது. வண்டி ஆவணியிதுல்ல?"

அண்ணாச்சி புரியாமல் பார்த்தார். அப்பா தன் ஏற்பாட்டை மறுபடி விளக்கினார். வாசலுக்கு வந்தால்தானே வண்டி. வராத வண்டிக்கு எப்படித் தேதி ஓடும். பில் போட்டதிலிருந்து எண்ணினால், தொட்டிலில் போடாத பிள்ளைக்கு வயசு எண்ணுவதுபோல இருக்கிறதே.

"ஆடியில எடுக்க வேணாம்னு நானாண்ணே சொன்னேன்? நீங்க விட்டுட்டுப் போனீங்க."

"ஆடியில எவன் வண்டி எடுப்பான்?"

"எவன் பில்லுப் போடுவான்?"

சாவிக்காரப் பையன் சிரித்துவிட்டான். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. சித்தப்பா ஷெட்டுக்கு வெளியே வண்டியின் டயரைக் காலால் தட்டிக்கொண்டு நின்றார். பேசுவது முடிந்துபோயிற்று, இனித் திரும்ப வேண்டியதுதான் என்று அப்பாவின் தோளிலேயே தெரிந்தது. பெட்டி துடைத்துத் தயாராக இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

"யப்பா, இவுக வண்டிய ஓட்டியிருக்காக" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். டைரியை விரித்து இரண்டு தேதியையும் இரண்டு எண்ணையும் பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்தேன். கழித்து வந்ததையும் வாசித்தேன். அப்பா டைரியை வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்தார். மறுபடி ஒருமுறை பார்த்தார். அவர் முதுகு நிமிர்ந்தது.

"எழுநூத்தி எழுவத்தி நாலு கிலோமீட்டரு. தூசி அடைஞ்சு கிடக்குன்னு என் தம்பி வந்து வந்து தொடச்சிட்டுப் போனான். நீங்க அத எடுத்து லோடு அடிச்சிருக்கீக. நம்பி விட்டுட்டுப்போன வண்டிய."

"ஐயய்யோ, அண்ணாச்சி எடுக்கலங்க" என்று பையன் பதறினான். "அது வந்து, அந்தண்ணன்தான..."

"ஏலே" என்றார் அண்ணாச்சி, சத்தமில்லாமல். "நீ போய் நாலு டீ சொல்லு."

பையன் போனான். அண்ணாச்சி டைரியைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா டயர் தட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். குற்றம் பிடிபட்டவன் முகத்தில் எப்படி வியர்க்கும் என்று பார்க்க நான் அண்ணாச்சியையே கவனித்தேன். அவருக்கு வியர்க்கவில்லை. சித்தப்பாவுக்குத்தான் வியர்த்திருந்தது. வெயிலில் நிற்கிறாரே, அதனால்தான் என்று நினைத்தேன்.

"தம்பி என்ன சொல்றீக?" என்று அண்ணாச்சி கேட்டார்.

சித்தப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மீட்டர் பொய் சொல்லாதுல்ல அண்ணாச்சி. மஞ்சத்தூளும் பொய் சொல்லாது. சூடேறுதுன்னு நான் எப்பச் சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும்."

அண்ணாச்சி மேசைமேல் கிடந்த சாவி ஒன்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். "சரி" என்றார் கடைசியில். "ஓடுனது ஓடிருச்சு. எஞ்சினை இறக்கி வேலை பாத்து, ரேடியேட்டரும் வேற போட்டுத் தாரேன். பத்து நாள் குடுங்க. ஆனா இந்தக் கிலோமீட்டர் பேச்ச இதோட விட்டுருவோம். எனக்கும் நல்லதில்ல, யாருக்கும் நல்லதில்ல."

"தப்ப ஒத்துக்கிட்டா நாங்க ஏன் பேசப்போறோம்" என்றார் அப்பா பெருந்தன்மையாக.

டீ வந்தது. எனக்கும் ஒரு டீ. அண்ணாச்சி என்னிடம் கிளாஸை நீட்டும்போது, "பாப்பா நல்லாப் படிக்குதா?" என்று கேட்டார். நான் டீயை மட்டும் வாங்கிக்கொண்டேன். களவாணியோடு எனக்கென்ன பேச்சு. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா முன்சீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் என்னைக் காட்டிக் கதை சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா என் தலையில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. அருப்புக்கோட்டை தொடங்கி ஊர் வரை அந்தக் கை தலையிலேயே இருந்தது.

புரட்டாசி இருபத்து மூன்றாம் தேதி வண்டி திரும்பி வந்தது. அப்புறம் தண்ணீர் கேட்கவில்லை. ஏஜெண்டுக்குச் சித்தப்பா கடைசி போன் பேசியது இருபத்தெட்டாம் தேதி. பெட்டி மறுபடி அட்டாலிக்கு ஏறியது.

சித்திரை பதினேழாம் தேதி, கத்திரி தொடங்க நான்கு நாள் இருக்கும்போது, சித்திக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம், தாய்வீட்டில். போன் வந்ததும் அம்மா முதலில் சிரித்தாள். பிறகு காலண்டர் பக்கம் போனாள். பிறகு அடுப்படிக்குள் போய்விட்டாள். மறுநாள் குட்டியானையிலேயே குழந்தை பார்க்கப் போனோம். திருச்சுழி தாண்டியும் சித்தப்பா யாரிடமும் வழி கேட்கவில்லை. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் நாங்கள் பஸ்ஸிலும் வேனிலும் வந்த ஊர் அது. எங்கள் வண்டி அங்கே போவது முதல்முறை. கண்மாய்க்கரை வழியாக ஒரு குறுக்குப் பாதையில் திருப்பிச் சித்தி வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்கண்ணே. இப்பெல்லாம் வண்டிக்குத் தண்ணி வேணாமா?"

சித்தப்பா சாவியைக் கீழே போட்டுவிட்டு, அதைத் தேடுவதற்காகக் குனிந்துகொண்டார். வேறு வண்டியோடு குழப்பிக்கொள்கிறாள் என்று நினைத்து, "இது புரட்டாசியில ரிப்பேர் பாத்த வண்டிக்கா, தண்ணி கேக்காது" என்று நான் விளக்கினேன். அவள் வீட்டுப் பந்தலில் மல்லிகை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

அப்பா கதவைப் பிடித்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனார். உதடு மட்டும் அசைந்தது. ஒன்பது கணு, பத்தாவதில் கொஞ்சம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யார்டுலருந்து இந்த ஊரு எம்புட்டு தூரம் தாயி?"

"நாப்பத்தி மூணு கிலோமீட்டருப்பா, வளைகாப்புக்கு வந்தப்ப மைல்கல்லு பாத்து எழுதியிருக்கேன். போகவர எம்பத்தாறு."

"அந்த டைரி எங்க?"

வருடம் மாறியும் அந்தப் பழைய டைரி எப்போதும்போல என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சியை மடக்கிய அந்தப் பக்கத்தை அப்பா திறந்து 774 என்ற எண்ணை வெகுநேரம் பார்த்தார். மறுபடி பாராட்டப்போகிறார் என்று நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். உள்ளே குழந்தை அழுதது. சித்தப்பா குனிந்தவர் இன்னும் நிமிரவில்லை.

அப்பா டைரியை மூடி என் மடியில் வைத்தார்.

"இனிமே வண்டியோட கிலோமீட்டரு எல்லாம் எழுத வேணாம் தாயி" என்றார். குரலில் கோபம் இல்லை. இறங்கிப் போய் மண்ணிலிருந்து சாவியைத் தானே எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டு, குழந்தையைப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. எங்கேயோ தப்பாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது, இல்லாவிட்டால் அப்பா அப்படிச் சொல்ல மாட்டார். வண்டியில் உட்கார்ந்தபடியே பென்சிலை எடுத்து, பெரிய எண்ணை மேலே எழுதி, சின்ன எண்ணைக் கீழே எழுதி, மறுபடி ஒருமுறை கழித்துப் பார்த்தேன். பிறகு 774ஐ 86ஆல் வகுத்தும் பார்த்தேன். மீதியில்லாமல் ஒன்பது வந்தது. எங்கேயும் தப்பு இல்லை.